ரெண்டு பீரோவும் ஒரு அண்டா சாயமும்

ஏண்டி, உனக்கு வேற வேலையே கிடையாதா? மாடியில வடகம் காயுது, காக்கா கொத்திகினு போவுது. அத ஓட்டறத வுட்டுட்டு, "ஆயா, நீ உன் ஆயுசுல ஒரு புஸ்தகமாவது முழுசா படிச்சிருக்கியா"ன்னு வந்து நிக்கிற. இன்னா கொழுப்பு பாரு. அஞ்சாவது வரைக்கும் போனவகிட்ட கேக்கற கேள்வியா இது? உங்கம்மா எனக்கு மருமவளா வந்த நாள்லேர்ந்து இந்த வார்த்தைய கேட்டதில்ல. நேத்து மொளைச்சது நீ கேக்குற.

சரி, மொறைக்காத. உக்காரு. அந்தக் குச்சிய கையில வெச்சிக்கோ, காக்கா வந்தா எழுந்து போ. நான் கதைய நிறுத்தமாட்டேன், வுட்டது வுட்டதுதான்.

ஒரு புஸ்தகம், அதுல பாதி. அவ்ளோதான் நான் படிச்சது. படிச்சதுன்னு சொல்லக் கூடாது, கேட்டது. எழுத்துக் கூட்டி நான் ஒரு வரி படிச்சி முடிக்கறதுக்குள்ள இஸ்கூல் மணி அடிச்சிடும். எங்க டீச்சர்தான் படிச்சிக் காட்டுவாங்க. வெள்ளிக்கெழம கடைசி மணியில, மத்தியானம் போட்ட கோதும உப்புமா வயித்துல கனத்துகினு கெடக்கும்போது, பீரோவத் தொறந்து ஒரு புஸ்தகம் எடுப்பாங்க. அந்த ஒரு மணிக்காகத்தான் மீதி நாலு நாளும் நான் போனது.

அந்த பீரோ எப்டி வந்துச்சின்னு சொல்லணும், இல்லாட்டி உனக்குப் புரியாது.

அப்போ எங்க வார்டுல ரெண்டு பெரிய மனுஷங்க. ஒருத்தரு ரைஸ்மில் வெச்சிருந்தாரு, இன்னொருத்தரு பட்டுக்கடை வெச்சிருந்தாரு. கட்சி பேரெல்லாம் கேக்காத, ரெண்டு பேரு புள்ளைங்களும் இன்னும் இதே ஊர்லதான் இருக்கானுங்க, எனக்கெதுக்கு பேஜாரு. ரைஸ்மில்லுக்காரரு ஆளுங்க பச்சக் கரை வெச்ச துண்டு போடுவாங்க. பட்டுக்கடைக்காரரு ஆளுங்க அரக்குக் கரை. தெருவுல ஒருத்தரு எதுக்க வந்தா மூஞ்சிய பாக்கமாட்டாங்க, தோளத்தான் பாப்பாங்க. எங்க நைனா, எங்கப்பாவ அப்டிதான் கூப்புடுவோம், அவரு மட்டும் வெறும் துண்டு. சாயம் போடறவரு அவரு. "உன் கரை இன்னாய்யா?"ன்னு கேட்டா, "ரெண்டு கரையும் என் அண்டாவுலேர்ந்துதான் வருது, நான் எதப் போட்டுக்க?"ம்பாரு.

முனிசிபாலிட்டி எலெக்‌ஷன்ல ரைஸ்மில்லுக்காரரு ஜெயிச்சிட்டாரு. ஜெயிச்ச ஜோர்ல இஸ்கூலுக்கு ஒரு பீரோ வாங்கிக் குடுத்தாரு, உள்ள நெறைய புஸ்தகம். புஸ்தகத்த வேலூர்ல பழைய கடையில மூட்டையா அள்ளிகினு வந்ததா சொல்லுவாங்க. ஆனா பைண்டிங் புதுசு. பஸ் ஸ்டாண்டாண்ட இருந்த பைண்டிங்காரருகிட்ட குடுத்து அத்தினி புஸ்தகத்துக்கும் பச்சக் காடாத் துணியில அட்டை போட்டுட்டாரு. பீரோ மேல அவரு பேரு. இஸ்கூல் பேர விட பெரிய எழுத்து.

பட்டுக்கடைக்காரருக்கு சோறு எறங்குமா? மறுமாசமே இன்னொரு பீரோ வந்து எறங்கிச்சி. மொத பீரோவ விட ஒரு சாண் உசரம். ஆளு வந்து சாண் போட்டு அளந்து பாத்துட்டுதான் போனான். உள்ள இருந்த புஸ்தகமெல்லாம் அரக்குக் கலர் அட்டை. அதே பைண்டிங்காரருதான் போட்டாரு. அந்த வருஷம் அவரு பொண்ணு கல்யாணத்த ஜாம் ஜாம்னு பண்ணாரு.

டீச்சருக்கு ஒரே சந்தோஷம். அவங்களுக்கு கரையும் தெரியாது, கட்சியும் தெரியாது. காட்பாடி பக்கத்துலேர்ந்து வந்தவங்க. மொதல்ல பச்ச பீரோவத் தொறந்தாங்க. ஒரு கதைப் புஸ்தகம் எடுத்தாங்க. அதுல ஒரு படகுக்காரன் பொண்ணு. அவ அண்ணன ஒரு ராஜா புடிச்சி தீவுல அடைச்சி வெச்சிட்டான். இவ தனியா படகு ஓட்டிகினு போறா. புயலு, மொதல, திருட்டுப் பசங்க, எல்லாம் தாண்டிப் போறா. கடைசியில ஒரு பாறையில கயிறு கட்டி ஏறிகினு இருக்கா. கயிறு தேயுது. ஒரு பிரி அறுந்துச்சி. ரெண்டாவது பிரி அறுந்துச்சி. கீழ கடலு. அப்போ டீச்சர் பொத்துன்னு புஸ்தகத்த மூடிட்டாங்க.

"மொத பாகம் முடிஞ்சிடுச்சி புள்ளைங்களா."

"ரெண்டாம் பாகம் எங்க டீச்சர்?"

"இந்த பீரோவுல இல்லியே. அந்த பீரோவுல இருந்தாலும் இருக்கும். தேடிப் பாக்கலாம்."

இருந்தாலும் இருக்கும்னுதான் அவங்க சொன்னது. என் காதுல வுழுந்தது, "இருக்கு"ன்னு. எங்க தெரு முழுக்க சொல்லிட்டேன், அரக்கு பீரோவுல ரெண்டாம் பாகம் இருக்குதுன்னு.

எனக்கு அது எவ்ளோ அவசரம்னு உனக்குத் தெரியாது. பங்குனி மாசம். முழுப் பரிட்ச முடிஞ்சா என்ன நிறுத்திடுவாங்க. எங்கம்மா தறிக்கு தார் சுத்த, அதான் குச்சியில நூலு சுத்தறது, அதுக்கு ராட்டினம்கூட வாங்கி வெச்சிட்டாங்க. அஞ்சாவது முடிச்ச பொண்ணுங்க அதுக்கப்புறம் அந்த ராட்டினத்தாண்டதான் உக்காரும். அதுக்கு நான் அழல. ஆனா அந்தப் பொண்ண கயித்துல தொங்க வுட்டுட்டு நான் எப்டி போயி ராட்டினம் சுத்தறது, நீயே சொல்லு?

அடுத்த வெள்ளிக்கெழம டீச்சர் அரக்கு பீரோவத் தொறந்தாங்க. ரெண்டாம் பாகத்த தேட நேரமில்ல, கைக்கு வந்தத எடுத்து படிச்சாங்க. அது ஒரு எலிக் கத. ரைஸ்மில்லுல ஒரு எலி, ஊர் நெல்ல எல்லாம் தின்னு தின்னு கொழுத்துப் போயி வாசப்படியில மாட்டிக்குது. நாங்க வுழுந்து வுழுந்து சிரிச்சோம். மீதிய கேக்கறதுக்குள்ள மணி அடிச்சிடுச்சி. புள்ளைங்க வூட்டுக்குப் போயி சோறு துன்னும்போது சொல்லிச்சிங்க, "ரைஸ்மில்லு எலி மாட்டிகிச்சி"ன்னு. அவ்ளோதான். ராவுக்குள்ள அது ரைஸ்மில்லு வாசலுக்குப் போயிடுச்சி. போவும்போது எலிக்கு மீசை மொளைச்சிடுச்சி, தொப்பை வந்துடுச்சி, பச்சக் கரை துண்டும் வந்துடுச்சி.

திங்கக்கெழம காலையில பெரிய வாத்தியாரு ரூம்ல ஒரே சத்தம்.

"என்னைய எலின்னு எழுதின புஸ்தகத்த இஸ்கூல்ல வெச்சிருக்கீங்க! அந்த பீரோவத் தூக்குங்க சார்!"

பட்டுக்கடைக்காரரு சும்மா இருப்பாரா? அவரு ஆளுங்க எங்கியோ கேட்டுகினு வந்து, பச்ச பீரோவுல ஒரு நரிக் கத இருக்குதாம், அந்த நரி அளவு கொறைச்சி துணி விக்குதாம், அது யாருன்னு எங்களுக்குத் தெரியாதான்னு இவங்க ஒரு பக்கம் கத்தினாங்க. ரெண்டு பேரும் அவங்கவங்க பீரோவ ஒரு வாட்டிகூட தொறந்து பாத்ததில்ல, பாத்துக்கோ.

பெரிய வாத்தியாரு பாவம், சாது மனுஷன். ரெண்டு பீரோவுக்கும் பூட்டு போட்டு சாவிய இடுப்புல சொருகிகினாரு. எலிக் கத படிச்ச டீச்சர ஜவ்வாது மலைக்கு மாத்தணும்னு பச்சக் கரைக்காரங்க மனு போட்டாங்க. டீச்சர வேலூரு ஆபீசுக்கு வரச் சொல்லி கடுதாசி வந்துச்சி. பெரியவங்க எல்லாம் கூடிப் பேசி, "இனிமே இஸ்கூல்ல ஒரே பீரோதான். எது நிக்கணும், எது போவணும்னு வெள்ளிக்கெழம வந்து முடிவு பண்ணிடுவோம். போறத பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுடலாம்"னு சொல்லிட்டாங்க.

பச்ச போனா மொத பாகம் போவும். அரக்கு போனா அந்தப் பொண்ணே போயிடுவா.

வெள்ளிக்கெழமைக்கு மொத நாளு அமாவாச. நெசவுக்கார ஊர்ல அமாவாசன்னா உனக்குத் தெரியுமில்ல, ஒரு தறி ஓடாது. சாயப்பட்டறையில அடுப்பு எரியாது. எங்க நைனாவும் அம்மாவும் காலையில பஸ் புடிச்சி தேவிகாபுரம் கோயிலுக்குப் போயிட்டாங்க. ஆனா இஸ்கூலுக்கு ஏது அமாவாச? அது நடந்துச்சி. டீச்சர் அன்னிக்கு வேலூருக்குப் போயிருந்தாங்க. பெரிய வாத்தியாரு எங்க வகுப்புப் பொண்ணுங்கள கூப்ட்டு, "நாளைக்குப் பெரியவங்க வராங்க. புஸ்தகத்த எல்லாம் தூசி தட்டி, பின்னால வெயில்ல வெச்சி எடுங்க. பூச்சி கீச்சி இருந்தா என் மானம் போவும்"னு சொல்லி பூட்டத் தொறந்து வுட்டுட்டு, மேசையில தலைய வெச்சி தூங்கிட்டாரு. கொறட்ட ரெண்டாவது வகுப்பு வரைக்கும் கேக்கும்.

மத்த பொண்ணுங்க ரெண்டு நட நடந்துட்டு புளியங்கா பொறுக்கப் போயிட்டாளுங்க. நானும் எதிர்த்தெருப் பொண்ணும்தான் மீந்தோம். அவ அரக்குக் கரை வூட்டுப் பொண்ணு. அவ வூட்ல என்கூட பேசக் கூடாதுன்னு சொல்லலை, ஏன்னா எங்க நைனா வெறும் துண்டு இல்லியா.

ரெண்டு பேரும் அரக்கு அட்டைய ஒண்ணொண்ணா தொறந்து பாத்தோம். படகு படம் இருக்குதா, பொண்ணு படம் இருக்குதான்னு. ஒரு படமும் இல்ல. எழுத்து எழுத்து எழுத்து, எறும்பு மாதிரி. ரெண்டாம் பாகம்னு எங்கியாவது போட்டிருந்தாலும் அத நாங்க கண்டுபுடிக்கறதுக்குள்ள சித்திரையே வந்துடும். எது ரெண்டாம் பாகம்னு தெரிஞ்சிருந்தா நான் அத ஒண்ண மட்டும் பாவாடையில சுருட்டிகினு போயிருப்பேன், ஊரு எக்கேடோ கெடட்டும். தெரியல. அதால எல்லாத்தையும் காப்பாத்த வேண்டியதாப் போச்சி.

இஸ்கூல் பின் செவுத்துல ஒரு ஓட்ட. அந்தாண்ட எங்க சாயப்பட்டறை. உள்ள செம்பு அண்டாவுல மொத நாளு போட்ட கத்திரிப்பூ சாயம் மிச்சம் நின்னுகினு இருந்துச்சி, ஜில்லுனு, கன்னங்கரேல்னு. எனக்கு அப்டியே தலையில வெளக்கு எரிஞ்ச மாதிரி ஆயிடுச்சி.

"இதப் பூசிட்டா பச்சையும் தெரியாது, அரக்கும் தெரியாது. எதத் தூக்குவாங்க?"ன்னேன்.

"எங்க நைனா பாத்தா என் தோல உரிச்சிடுவாரு"ன்னா அவ.

"எங்க நைனாவும்தான் உரிப்பாரு. ரெண்டு தோலையும் சேத்து ஒரு மோளம் கட்டிக்கட்டும். நீ ஜல்தி எடுத்தா."

அவ வெவரமானவ. குச்சியில துணி சுத்திகினு பூசினா, கையில ஒரு பொட்டு படல. நான் மக்கு, வெறுங்கையால அள்ளி அள்ளித் தடவினேன். செவுத்து ஓட்ட வழியா அவ புஸ்தகத்த கொண்டார, ரெண்டு பேரும் பூச, பூசினத கல்லு மேல காய வைக்க, மறுபடி அவ உள்ள எடுத்துகினு போக. உள்ள பக்கத்துல படக் கூடாதுன்னு புஸ்தகத்த இறுக்கிப் புடிச்சிகினோம். வெயில்ல அது காய்ஞ்சதும், ஐயோ, இன்னா அழகு தெரியுமா! அத்தினியும் ஒரே கலரு. மயிலு கழுத்தாட்டம் ஒரு மினுமினுப்பு. பீரோவுல அடுக்கும்போது எது எந்த பீரோன்னு எங்களுக்கே தெரியல. கைக்கு வந்தபடி அடுக்கினோம். பெரிய வாத்தியாரு முழிச்சி வந்து, பாதி கண்ணுல பீரோவ சாத்திப் பூட்டிட்டு வூட்டுக்குப் போயிட்டாரு.

எங்க நைனா அன்னிக்கு சாயந்தரம் வந்தாரு. அண்டாவப் பாத்தாரு. என் கையப் பாத்தாரு. நான் ரெண்டு கையையும் பாவாடைக்குள்ள வுட்டுகினேன்.

"எதுக்கு போட்ட?"

"புஸ்தகத்துக்கு."

"எந்தத் துணி?"

"காடாத் துணி."

அவரு தலையில கைய வெச்சிகினு உக்காந்துட்டாரு. அடிக்கல. அடிச்சிருந்தா பரவால்ல. "பட்டுக்குப் போடற சாயம் காடாவுல நிக்குமாடி? பச்சத் தண்ணியில வேற! நெருப்பு இல்லாம, ஒண்ணும் இல்லாம! நாளைக்கு அது எவன் கை பட்டாலும் ஓடி வரும். 'யார்ரா இந்த சாயம் போட்டவன்'னு கேட்டா நான் எங்க போயி மூஞ்ச வெச்சிப்பேன்? பட்டும் தோலும் ஒண்ணு, ரெண்டும் உசுருலேர்ந்து வந்தது, கப்புனு புடிச்சிக்கும். பருத்தி செடிடி. அதுக்கு வேற சாயம்டி." அவருக்கு நான் புஸ்தகத்த கெடுத்தது பெரிசில்ல. தொழில கெடுத்ததுதான் பெரிசு.

வெள்ளிக்கெழம பத்து மணிக்கு வந்தாங்க. ரெண்டு பெரிய மனுஷங்களும், ஆளுக்கு நாலு பேரும். சலவ வேட்டி, சலவ சட்ட, கண்ணு கூசுது. அனல் அடிக்குது. எல்லாருக்கும் கையி பொதபொதன்னு வேர்த்துப் போயிருக்கு. டீச்சர் ராத்திரி பஸ்ல வந்துட்டாங்க, ஓரமா மூஞ்சி வாடிப்போயி நிக்கறாங்க. நாங்க ஜன்னல்ல தொங்கறோம்.

பெரிய வாத்தியாரு பூட்டத் தொறந்தாரு. ரைஸ்மில்லுக்காரரு உள்ள தலைய வுட்டுப் பாத்தாரு.

"இன்னா சார் இது? எது எங்க பீரோ?"

"பீரோ இதுதாங்க. புஸ்தகம்தான்… நேத்து வரைக்கும் பச்சையாத்தாங்க இருந்துச்சி."

"யோவ், உன் வேலதான இது? எங்க புஸ்தகத்துல கரி பூசிட்ட!"

"எங்களுதையும்தான்யா பூசியிருக்கு! கண்ணு அவிஞ்சி போச்சா?"

ரெண்டு பேரும் பாஞ்சி பாஞ்சி புஸ்தகத்த உருவினாங்க. ரைஸ்மில்லுக்காரரு வேர்வைய தொடைக்க மூஞ்சில கைய வெச்சாரு. எடுத்தா ஒரு கன்னம் கத்திரிப்பூ! பட்டுக்கடைக்காரரு அதப் பாத்துட்டு கெக்கெக்கேன்னு சிரிச்சாரு, சிரிச்சி சிரிச்சி கண்ல தண்ணி வந்து, கண்ணத் தொடைச்சாரு. அவருக்கு ரெண்டு கண்ணும் ரெண்டு கத்திரிக்கா. கூட வந்தவங்க அவங்களுக்குத் தொடைச்சி வுடப் போயி, வேட்டி, சட்ட, துண்டு, எந்தக் கரை எந்தக் கரைன்னே தெரியல போ.

பட்டுக்கடைக்காரரு வெரல மோந்து பாத்தாரு, தேச்சிப் பாத்தாரு. தொழில்காரரு இல்லியா. "இது பட்டு சாயம்ப்பா! காடாவுல போயி தடவியிருக்கான் எவனோ ஒரு முட்டாப் பையன்!"ன்னாரு. நான் ஜன்னலுக்குக் கீழ குனிஞ்சிட்டேன். ஆனா பையன்னு சொன்னாரு பாத்தியா, அங்க தப்பிச்சேன்.

"அதெல்லாம் அப்பால. அந்த எலிப் புஸ்தகம் எங்க? அத எடுத்து என் கண்ணு முன்னால கிழிங்க"ன்னாரு ரைஸ்மில்லுக்காரரு.

அட்டையப் பாத்தா தெரியாது. தொறந்து படிச்சாத்தான் தெரியும். பத்து பெரிய மனுஷங்களும் ஒண்ணாவது வகுப்பு பெஞ்சில குந்திகினு, முட்டி காது வரைக்கும் வர, புஸ்தகத்த புரட்டினாங்க பாரு, அத பாக்கக் கண்ணு கோடி வேணும். ஒருத்தரு எழுத்துக் கூட்டறாரு, நம்ம வேகம்தான். ஒருத்தரு தலகீழா புடிச்சிகினு தலைய ஆட்டறாரு. கடைசியில எலி ரைஸ்மில்லுக்காரரு கையிலியே மாட்டிச்சி.

அவரு படிச்சாரு. மொதல்ல பல்ல கடிச்சிகினு படிச்சாரு. அப்பால வாய தொறந்துகினு படிச்சாரு. "ஏய், இந்த எலிக்கு மீசையே இல்லியேடா! எனக்குத்தான் மீசை இருக்குது!"ன்னாரு. ரெண்டு பக்கம் தள்ளிப் போயி எழுந்து நின்னுட்டாரு. "கேளுங்கய்யா! பஞ்சம் வருது. ஊர்ல ஒரு மணி நெல்லு இல்ல. இந்த எலிதான் வளையில சேத்து வெச்சத எல்லாம் ஊர் சனத்துக்கு அள்ளிக் குடுக்குது! ஊரே அத தலையில தூக்கி வெச்சிகினு ஆடுது!" புஸ்தகத்த நெஞ்சில வெச்சிகினாரு. சட்டையில நல்லா ஒரு பெரிய கத்திரிப்பூ திட்டு வுழுந்துச்சி. "நான்தான்யா இது! அச்சு அசலா நான்தான்!"

பட்டுக்கடைக்காரரு மூஞ்சியப் பாக்கணுமே. அவரு காசு போட்டு வாங்கின புஸ்தகம் இல்லியா அது. "அந்தப் புஸ்தகத்தத் தூக்குங்க சார் மொதல்ல! இஸ்கூல்ல கட்சிப் பிரச்சாரமா?"ன்னு குதிச்சாரு.

"தொட்டுப் பாரு! புள்ளைங்க படிக்கற புஸ்தகத்துல கைய வெப்பியா நீ? இத படிச்சிக் காட்டின டீச்சர் யாரும்மா? நீயா? நல்லா இரும்மா. வாரா வாரம் படி."

பச்சக் கரைக்காரங்க போட்ட மனுவ அவங்களே வாங்கிக் கிழிச்சிகினாங்க. நரிப் புஸ்தகத்த எவ்ளோ தேடியும் கெடைக்கல. அது இருந்துச்சோ இல்லியோ யாருக்குத் தெரியும். எந்தப் புஸ்தகம் யாருதுன்னு பிரிக்க முடியாததால எதையும் தூக்க முடியல. பெரிய வாத்தியாரு எங்கள கூப்ட்டு எல்லாத்தையும் உள்ள அடுக்கச் சொன்னாரு. அடுக்கின அத்தினி புள்ளைங்க கையும் கத்திரிப்பூ. அப்பால எந்தக் கைய புடிச்சி திருட்டுக் கைன்னு சொல்றது? பெரிய மனுஷங்க ரெண்டு பேரும் ஒரே கொழாயில நின்னு கைய தேச்சாங்க, தேச்சாங்க, போகல. ஒரு வாரம் அதே கையோட பஜாருக்குப் போனாங்க. டீக்கடையில, "ரெண்டு பேரும் உள்ளுக்குள்ள ஒண்ணாயிட்டாங்கப்பா, புதுக் கட்சி, கத்திரிப்பூ கட்சி"ன்னு கிண்டல் பண்ணி மாளல.

இதெல்லாம் உனக்கு சிரிப்பா இருக்குது. எனக்கு அப்போ சிரிப்பு வரல. கயித்துல தொங்கறவ இன்னும் தொங்கிகினுதான் இருந்தா.

அன்னிக்கு சாயந்தரம் டீச்சர் ரெண்டு பீரோவையும் தொறந்து வெச்சிகினு தேடினாங்க. ஒண்ணு விடாம தொறந்து பாத்தாங்க. நான் பக்கத்துலியே நின்னேன். கடைசிப் புஸ்தகத்தையும் உள்ள வெச்சாங்க. அப்பால என்னப் பாத்தாங்க. என் கையப் புடிச்சி திருப்பினாங்க. மத்த புள்ளைங்களுக்கு வெரல் நுனியிலதான் சாயம். எனக்கு முழங்கை வரைக்கும். பாவாடையில கிழிஞ்ச எடத்துல வேற ஒரு திட்டு.

"எப்போ நிறுத்தறாங்க உன்ன?"

"பரிட்ச முடிஞ்சதும் டீச்சர்."

அவங்க மறுபடி பீரோவுக்குத் திரும்பி ஒரு புஸ்தகத்த உருவினாங்க. "இதோ, கெடைச்சிடுச்சி. ரெண்டாம் பாகம்"ன்னாங்க.

நான் குதிச்சது உத்தரத்துல இடிச்சிருக்கும்.

மூணு வெள்ளிக்கெழம படிச்சாங்க. ஒரு வாட்டிகூட அந்த மாதிரி அவங்க படிச்சி நான் கேட்டதில்ல. மத்த புஸ்தகம்னா கண்ணாடிய மூக்குல ஏத்தி ஏத்தி வுட்டுகினு, தேடித் தேடி படிப்பாங்க. இத படிக்கும்போது கண்ணாடிய கழட்டி மடியில வெச்சிட்டாங்க. நடுவுல நடுவுல நிறுத்தி ஜன்னல் வெளிய பாப்பாங்க, சிரிச்சிப்பாங்க, அப்பால "ம், இன்னா ஆச்சின்னா…"ம்பாங்க. ஒரு மணி நேரத்துக்கு பக்கத்த ரெண்டு வாட்டிதான் திருப்பினாங்க. பெரிய பெரிய பக்கம் போலன்னு நான் நெனைச்சிகினேன். புஸ்தகத்துக்குள்ள வேற எழுத்து இருக்கும்னு யாரு கண்டா? ஆட்டுக்கு வர நோவுக்கு மருந்து எழுதின புஸ்தகம் ஒண்ணு அந்த பீரோவுல இருந்துச்சின்னு எதிர்த்தெருப் பொண்ணு ரொம்ப நாள் கழிச்சி சொன்னா. சொன்னப்போகூட எனக்கு உறைக்கல. நம்ம வூட்ல ஆடு ஏதுன்னுட்டேன்.

கத இன்னா ஆச்சின்னு கேளு. கடைசிப் பிரி அறுந்த உடனே மேலேர்ந்து ஒரு கை வந்து அவள தூக்கிச்சி. அந்தக் கை முழங்கை வரைக்கும் கத்திரிப்பூ கலரு! அந்தத் தீவுல சாயம் போடறவரு ஒருத்தரு, கரை இல்லாத துண்டு போட்டுகினு இருந்தாரு. அங்க ரெண்டு ராஜா, ஆளுக்கொரு கொடி, எந்நேரமும் சண்ட. இவ இன்னா பண்ணா, ஒரு நாளு எல்லாரும் தூங்கும்போது ரெண்டு கொடியையும் ஒரே அண்டாவுல முக்கிட்டா. காலையில யாரு யாரோட சண்ட போடறதுன்னு எவனுக்கும் தெரியல. குழப்பத்துல அண்ணன கூட்டிகினு படகுல ஏறிட்டா. அவ கட்டியிருந்த பாவாடகூட ஒரு பக்கம் கிழிஞ்சிருந்துச்சின்னு எழுதியிருந்துச்சி. ஊருக்குப் போயி அவ இன்னா வேல செஞ்சாலும் செஞ்சா, ராட்டினமோ அடுப்போ, ஆனா அவ கையப் பாத்தவங்க எல்லாம், இது கடல தாண்டின கைன்னு எழுந்து நின்னாங்களாம். அத்தோட புஸ்தகம் முடிஞ்சிடுச்சின்னு டீச்சர் மூடினாங்க. கண்ணாடிய எடுத்து போட்டுகினாங்க. ஜலதோஷம் புடிச்சிருந்துச்சி போல, மூக்க சிந்தினாங்க.

நான் ஓடினேன் பாரு ஓட்டம், நேரா எங்க தெரு கொழாய்க்கு. தண்ணிக்கு நின்ன பொம்பளைங்க எல்லாரும், "இன்னாடி கையி இன்னும் வெளுக்கலியா"ன்னு கேட்டாங்க. நான் கொடத்து மேல ஏறி நின்னுகினு சொன்னேன்:

"அந்த ரெண்டாம் பாகத்த எழுதினாரே, அவரு நம்ம தெருவுக்கு வந்துட்டுப் போயிருக்காருக்கா! எங்க நைனாவ பாத்திருக்காரு, எங்க அண்டாவ பாத்திருக்காரு, என்னையும் செவுத்து ஓட்ட வழியா பாத்திருக்காரு. பாத்தவரு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? கிழிஞ்ச பாவாடையப் போயி அப்டியே எழுதிட்டாரு. அடுத்த வாட்டி அந்தாளு வந்தா ஒரு கொரல் குடுங்க, நல்ல பாவாட கட்டிகினு வந்து நிக்கிறேன்."